ஒரே விளக்கில் தொடங்குங்கள்: செயற்கை ஒளியில் படமெடுக்கப் பழகும் முறை

சன்னலோர வெளிச்சத்திலும் மாலை வெயிலிலும் நல்ல படங்கள் எடுக்கத் தெரிந்துகொண்ட ஒருவர் அடுத்ததாகச் செயற்கை ஒளியைக் கையிலெடுக்கும்போது, பெரும்பாலும் இரண்டு விளக்கும் அவற்றின் ஒளியைப் பரப்பும் இரண்டு குடையும் கொண்ட தொகுப்பு ஒன்றை வாங்கி, முகத்துக்கு இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக நிறுத்திவிடுகிறார். பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்களில் அந்த அமைப்பு இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே முகத்தில் நிழல் விழக்கூடாது. வருகிறவர் எவராக இருந்தாலும் விளக்கை நகர்த்தாமல் ஒரே மாதிரி எடுத்துத் தரவேண்டும். உருவப்படம் எடுக்கப் பழகுகிறவருக்கோ நிழல்தான் பாடம். இரு பக்கமும் சம அளவில் வெளிச்சம் விழுந்தால் மூக்கின் உயரமும் கன்னத்தின் வளைவும் தட்டையாகிவிடும். எந்த விளக்கு எதைச் செய்தது என்பதையும் பிரித்தறிய முடியாது. ஆகவே இந்த வழிகாட்டி ஒரே ஒரு விளக்குடன் தொடங்குகிறது. இரண்டாவது விளக்கு கடைசியில்தான் வருகிறது.

எதை வாங்குவது

தொடர்ந்து எரியும் எல்இடி விளக்கா, கணநேரம் மின்னும் ஃபிளாஷா என்பது முதலில் எழும் கேள்வி. எல்இடியில் நிழல் எங்கே விழுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே விளக்கை நகர்த்தலாம். வீடியோவுக்கும் அதுவே உதவும். ஆனால் ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 60 வாட் எல்இடி விளக்கு, ஷட்டர் 1/100 நொடி திறந்திருக்கும் நேரத்தில் செலவிடும் மின்னாற்றல் 0.6 ஜூல் மட்டுமே. கேமராவின் தலையில் பொருத்தும் அளவுள்ள ஃபிளாஷ், முழு ஆற்றலில் ஒருமுறை மின்னுவதற்கு ஏறத்தாழ 60 ஜூலைச் செலவிடுகிறது. மின்சாரத்தை ஒளியாக மாற்றுவதில் எல்இடி திறன் கூடியது என்பதைக் கணக்கில் எடுத்தாலும் வேறுபாடு பல மடங்காகவே இருக்கும். அதனால்தான் எல்இடியை மட்டும் நம்பி ஓடியாடும் குழந்தையைப் படமெடுப்பவர், ஒன்று கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை மிகவும் கூட்டிப் படத்தில் புள்ளிகளை ஏற்றுக்கொள்கிறார், அல்லது ஷட்டர் வேகத்தைக் குறைத்து அசைவு மங்கலை ஏற்றுக்கொள்கிறார்.

புகைப்படம்தான் முதன்மை என்றால் ஃபிளாஷில் தொடங்குவதே நல்லது. அதிலும் ஆற்றலைக் கையால் மாற்றும் வகை போதும். கோடாக்ஸ் டிடி600 போன்ற ஃபிளாஷில் தானியங்கி அளவீடு கிடையாது, ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ சமிக்ஞையை வாங்கும் கருவி உள்ளேயே இருப்பதால், கேமராவின் மேல் அந்தச் சமிக்ஞையை அனுப்பும் ட்ரிக்கர் ஒன்றை மாட்டிவிட்டு ஃபிளாஷைத் தொலைவில் நிறுத்தலாம். ட்ரிக்கர் உங்கள் கேமராவின் நிறுவனத்துக்கு உரியதாக இருக்கவேண்டும். கேனனுக்குரியது சோனியில் சரிவர வேலை செய்யாது. இவற்றுடன் ஒரு லைட் ஸ்டாண்டு, ஃபிளாஷையும் குடையையும் சேர்த்துப் பிடிக்கும் பிராக்கெட், ஒளியைத் தன்னூடே கசியவிடும் 43 அங்குல வெள்ளைக் குடை, ஒரு தெர்மோகோல் பலகை, ஒரு கறுப்பு சார்ட் அட்டை ஆகியவை இருந்தால் போதும். பேட்டரிக்கு ரீசார்ஜ் செய்யத்தக்க நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையையே வாங்குங்கள். சாதாரண செல்களைவிட அவை ஃபிளாஷை விரைவாக அடுத்த மின்னலுக்குத் தயாராக்கும்.

பழைய பெட்டியில் கிடக்கும் ஃபிலிம் காலத்து ஃபிளாஷை எடுத்துப் பழகலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. அவற்றுள் சிலவற்றில் கேமராவுடன் இணையும் முனையின் மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டும். அதைத் தாங்காத டிஜிட்டல் கேமராவில் நேரடியாகப் பொருத்தினால் கேமரா பழுதாகலாம். பழுதான ஃபிளாஷைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஒரு படத்தில் இரண்டு வெளிச்சங்கள்

ஃபிளாஷ் பயன்படும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு வெளிச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவாகின்றன. அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம் ஒன்று. ஃபிளாஷ் தருவது மற்றொன்று. முதலாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. ஃபிளாஷோ அந்த நேரத்துக்குள் ஒருமுறை மின்னி அணைந்துவிடுகிறது. அதனால் ஷட்டர் வேகத்தை 1/60இலிருந்து 1/160க்கு மாற்றினால் அறையின் வெளிச்சம் குறையுமே தவிர, ஃபிளாஷ் பட்ட முகத்தின் வெளிச்சம் மாறாது. லென்ஸின் திறப்பளவான அபர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்தே கூட்டும் அல்லது குறைக்கும். ஃபிளாஷின் ஆற்றலும் அதன் தூரமும் ஃபிளாஷ் வெளிச்சத்தை மட்டுமே மாற்றும். தானியங்கி முறையில் பழகியவர்களுக்கு இது புரியாமல் போவதற்குக் காரணம், கேமரா இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவதுதான். ஆகவே கேமராவையும் ஃபிளாஷையும் மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரவில், வீட்டு அறையில், ட்யூப் லைட்டை எரியவிட்டு இதைச் செய்து பாருங்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 5.6, ஷட்டர் 1/160 என்று வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். படம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக வரவேண்டும். அந்தக் கறுப்புதான் உங்கள் வெற்றுப் பலகை. இனி அதில் தெரிவதெல்லாம் நீங்கள் வைத்த விளக்கின் வேலை. இப்போது குடை மாட்டிய ஃபிளாஷை உட்கார்ந்திருப்பவரின் முகத்திலிருந்து ஒரு மீட்டரில் நிறுத்தி, ஆற்றலை 1/8 என்று வைத்து எடுங்கள். வெளிச்சம் ஏறத்தாழச் சரியாக இருக்கும். கூடுதலாக இருந்தால் 1/16, குறைவாக இருந்தால் 1/4. ஒவ்வொரு படியும் பாதி அல்லது இரட்டிப்பு, அதாவது ஒரு ஸ்டாப். பிறகு வேறெதையும் தொடாமல் ஷட்டரை மட்டும் 1/60, 1/15, 1/4 என்று குறைத்துக்கொண்டே போனால், முகம் அப்படியே இருக்க, பின்சுவரும் நாட்காட்டியும் ட்யூப் லைட்டும் இருட்டிலிருந்து மெல்ல வெளிவருவதைப் பார்க்கலாம். இந்தப் பயிற்சியைச் செய்து பார்க்காமல் விளக்கங்களை மட்டும் படிப்பவர்கள், கல்யாண மண்டபத்தில் மேடை இருண்டும் மணமக்கள் வெளுத்தும் வருவது ஏன் என்று கடைசிவரை குழம்பிக்கொண்டிருப்பார்கள்.

எதிர்த்திசையில், ஷட்டரை வேகமாக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250 நொடி. கேமராவுக்குள் ஷட்டர் இரண்டு திரைகளாக இயங்குகிறது. முதல் திரை திறந்து, இரண்டாம் திரை பின்தொடர்ந்து மூடுகிறது. அந்த எல்லைக்கு மேல் போனால், முதல் திரை முழுவதும் திறப்பதற்குள் இரண்டாவது மூடத் தொடங்கிவிடுவதால் படத்தைப் பதியும் சென்சார் முழுவதும் ஒருசேரத் திறந்திருக்கும் தருணமே இல்லாமல் போகிறது. அப்போது ஃபிளாஷ் மின்னினால் படத்தின் ஒரு பகுதி கறுப்புப் பட்டையாக விழும். உயர்வேக ஒத்திசைவு வசதியுள்ள ஃபிளாஷ்கள் ஒற்றை மின்னலுக்குப் பதிலாகத் துடிதுடியாக மின்னி இதைச் சமாளிக்கின்றன. அதற்கு விலையாக ஆற்றலில் பெரும்பகுதி போய்விடும். ட்ரிக்கர் வழியாக இயக்கும்போது சிறு தாமதம் ஏற்படலாம் என்பதால் 1/160 பாதுகாப்பான வேகம்.

நண்பகல் வெயிலில் இந்த எல்லை சங்கடமாகும். ஐஎஸ்ஓ 100இல் 1/200 வைத்தால் அபர்ச்சர் எஃப் 11ஐ ஒட்டி வந்து நிற்கும்; சிறிய ஃபிளாஷ் குடை வழியாக அந்த வெயிலுக்கு ஈடுகொடுக்க முழு ஆற்றலும் தேவைப்படும். முழு ஆற்றலில் தொடர்ந்து மின்னவிட்டால் ஃபிளாஷ் சூடாகி நின்றுவிடும். லென்ஸின் முன்னே ஒளியைக் குறைக்கும் கருமையான கண்ணாடியான என்டி ஃபில்டரை மாட்டினால் அபர்ச்சரைத் திறக்கலாம்; ஆனால் அது வெயிலையும் ஃபிளாஷையும் ஒரே அளவில் குறைப்பதால், ஃபிளாஷுக்கு ஏற்பட்ட சுமை குறையாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் நண்பகலை விட்டுவிட்டு, சூரியன் மறைந்த பிறகு வரும் அரைமணி நேரத்தில் வெளியே போங்கள். முதலில் ஃபிளாஷ் இல்லாமல் வானத்துக்கு மட்டும் அளவு வைத்து, வேண்டுமானால் ஒரு ஸ்டாப் இருட்டாக்கி, அதன் பிறகு ஃபிளாஷை இயக்கி முகத்துக்கு ஆற்றலைச் சரிசெய்யுங்கள். வானம் மேலும் இருட்டும்போது ஷட்டரை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தால் போதும்.

தூரம் செய்யும் வேலை

ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. ஒரு மீட்டரில் விழும் ஒளி இரண்டு மீட்டரில் நான்கில் ஒரு பங்கு, மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. பள்ளி இயற்பியலில் படித்த இதை ஆற்றல் கணக்குக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு விட்டுவிடுகிறோம்; ஆனால் படத்தின் தோற்றத்தையே மாற்றும் கருவி இது.

உட்கார்ந்திருப்பவருக்கும் பின்சுவருக்கும் இடையே இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை முகத்துக்கு ஒரு மீட்டரில் வைத்தால் சுவர் விளக்கிலிருந்து மூன்று மீட்டரில் இருக்கும். முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்கு ஒளிதான் சுவருக்குப் போகும், அதாவது மூன்று ஸ்டாப்புக்குச் சற்று மேலாகக் குறைவு. வெள்ளைச் சுவர்கூடச் சாம்பல் நிறமாகிவிடும். அதே விளக்கை மூன்று மீட்டருக்குப் பின்னால் தள்ளி, ஆற்றலைக் கூட்டி முகத்தைப் பழைய வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால், சுவர் ஐந்து மீட்டரில் இருந்தும் ஒன்றரை ஸ்டாப் மட்டுமே குறைவாகப் பெறும். சுவர் வெளிறித் தெரியும். முகம் மாறவில்லை, சுவருக்கு வண்ணம் அடிக்கவில்லை, பின்னணித் திரை வாங்கவில்லை. விளக்கை நகர்த்தியதோடு சரி.

இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தில் இதையே தலைகீழாகப் பயன்படுத்தவேண்டும். விளக்கு முதல் வரிசைக்கு ஒரு மீட்டரிலும் இரண்டாம் வரிசைக்கு இரண்டு மீட்டரிலும் இருந்தால் முன்னிற்பவர்கள் இரண்டு ஸ்டாப் வெளுத்து நிற்பார்கள். நான்கு மீட்டருக்குத் தள்ளினால் இரு வரிசைகளுக்கும் உள்ள வேறுபாடு முக்கால் ஸ்டாப்பைவிடக் குறைந்துவிடும்.

நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அபர்ச்சர் எண்களையே மீட்டர்களாக எண்ணுங்கள்: 1, 1.4, 2, 2.8, 4, 5.6. ஒவ்வோர் அடியிலும் ஒளி பாதியாகும். 1.4 மீட்டரில் இருந்த விளக்கை 2.8க்குத் தள்ளினால் இரண்டு ஸ்டாப் போய்விட்டது. ஆற்றலை 1/8இலிருந்து 1/2க்குக் கொண்டுபோக வேண்டும். ஒளிமானி இல்லாமலே இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும்.

நிழலின் விளிம்பு

நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா, கரைந்து மறைகிறதா என்பதைத் தீர்மானிப்பது, படமெடுக்கப்படும் பொருளின் இடத்திலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது ஒன்றே. குடை இல்லாத ஃபிளாஷின் முகப்பு ஏழெட்டு சென்டிமீட்டர்தான். அது கூர்மையான நிழலைத் தரும். ஒரு மீட்டர் தொலைவில் உள்ள 43 அங்குலக் குடை முகத்துக்கு மிகப் பெரிய ஒளிமூலம். அதே குடையை ஐந்து மீட்டருக்குக் கொண்டுபோனால் அதுவும் சின்ன விளக்காகிவிடும். 'சாஃப்ட்பாக்ஸ் மாட்டினேன், இருந்தும் மென்மை வரவில்லை' என்று சொல்கிறவர்களின் சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் முன் மாட்டும் வெள்ளைத் துணிப்பெட்டி) பெரும்பாலும் மூன்று மீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டிருக்கும். தலைக்கும் தோளுக்கும் மட்டுமான படத்தில், குடையின் குறுக்களவு எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் வைத்துத் தொடங்குவது நல்ல பழக்கம்.

ஃபிளாஷின் தலையில் மாட்டும் வெள்ளை பிளாஸ்டிக் மூடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை ஒளிமூலத்தின் அளவைக் கூட்டுவதில்லை. சிறிய அறையில் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்து, கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பச் செய்வதால் மென்மை கிடைக்கிறது. திறந்தவெளியில் அதே மூடி பேட்டரியைத் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. கூரையிலோ சுவரிலோ நேரடியாகத் திருப்பி அடிப்பது அதைவிட மேல். ஆனால் நம் வீடுகளில் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று சுவர்களுக்கு வண்ணம் அடித்திருப்பார்கள். அந்த வண்ணம் அப்படியே முகத்தில் ஏறும். நேர் மேலே கூரையில் அடித்தால் கண்குழிகள் இருண்டுவிடும் என்பதால், வெள்ளைச் சுவர் ஒன்று பக்கவாட்டில் இருந்தால் அங்கே திருப்புவதே நல்லது.

முகத்தில் விளக்கை நிறுத்துவது

மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்க வீட்டில் யாரும் சம்மதிக்கமாட்டார்கள். கொலுப் பெட்டியிலிருந்து மூக்கும் முழியும் நன்றாக உள்ள ஒரு மண் பொம்மையை எடுத்து மேசைமேல் வையுங்கள். விளக்கைக் கேமராவுக்கு அருகிலிருந்து தொடங்கி, பொம்மையைச் சுற்றி அரைவட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒரு படம் எடுங்கள். பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று: மூக்கின் நிழல்.

விளக்கு கேமராவுக்கு நேர் மேலே இருக்கும்போது மூக்கின் கீழே சின்ன நிழல் மட்டும் விழும். கன்ன எலும்புகள் எடுப்பாகத் தெரியும். சற்றே பக்கவாட்டில் நகர்ந்தால் அந்த நிழல் சாய்ந்து கன்னத்தின் பக்கம் இறங்கும். பெரும்பாலான முகங்களுக்கு எடுபடும் நிலை இது. இன்னும் நகர்த்தி, விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினால் மூக்கின் நிழலும் கன்னத்தின் நிழலும் ஒன்றோடொன்று சேர்ந்து, இருண்ட பக்கத்துக் கண்ணின் கீழே ஒரு சிறு முக்கோண வெளிச்சம் மட்டும் எஞ்சும். 17ஆம் நூற்றாண்டின் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் உருவ ஓவியங்களில் இவ்வகை ஒளி இருப்பதால் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. முழுப் பக்கவாட்டுக்கு வந்தால் முகம் பாதி வெளிச்சம், பாதி இருள். விளக்கைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கினால் என்ன ஆகும் என்பதைப் பேய்ப்படம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான முகத்துக்கு வரும்போது கண்களைப் பாருங்கள். கருவிழியின் மேற்பாதியில், கடிகாரத்தில் பத்து மணி அல்லது இரண்டு மணி இருக்கும் இடத்தில் விளக்கின் பிரதிபலிப்பு ஒரு வெண்புள்ளியாகத் தெரிந்தால் உயரம் சரி. அது தெரியாமல் போனால் விளக்கு மிகவும் மேலே போய்விட்டது. கண்களில் உயிர் இராது. மூக்குக் கண்ணாடி அணிந்தவருக்கு இதற்கு எதிரான சிக்கல்: கண்ணாடிச் சில்லில் குடையே தெரியும். விளக்கை உயர்த்தி, பக்கவாட்டில் தள்ளி, கண்ணாடியின் காதுப் பக்கத்தைச் சற்றே மேலே தூக்கிவிடச் சொன்னால் பிரதிபலிப்பு கீழே இறங்கிப் போய்விடும்.

நம்முடைய மாநிறமும் கறுப்பும் கலந்த முகங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முகத்தை 'பளிச்'சென்று ஆக்குவதற்காக ஆற்றலைக் கூட்டும் வழக்கம் நம் ஸ்டுடியோக்களில் நெடுநாளாக உண்டு. அப்படிச் செய்யும்போது நிறம் வெளுக்கிறதே தவிர முகத்தின் வடிவம் கூடுவதில்லை. நெற்றியும் மூக்கு நுனியும் வெள்ளையாக எரிந்து போகின்றன. கறுத்த தோலின் வடிவம், அதன் மேல் படியும் பளபளப்பின் ஏற்ற இறக்கத்தில்தான் பெரிதும் தெரிகிறது. அந்தப் பளபளப்பு சின்ன விளக்கில் ஒரு வெள்ளைப் புள்ளியாகவும், பெரிய விளக்கில் கன்னத்தின் வழியே நீளும் மென்மையான ஒளிப்பரப்பாகவும் விழும். ஆகவே ஆற்றலைக் கூட்டாமல் குடையை நெருக்கமாகக் கொண்டுவந்து, அதற்கேற்ப ஆற்றலைக் குறைத்து, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். வியர்வையையும் எண்ணெயையும் ஒரு டிஷ்யூத் தாளால் ஒற்றி எடுத்த பிறகு படமெடுங்கள், துடைத்தால் சிவந்துவிடும்.

வெள்ளை வேட்டி சட்டையில் இருக்கும் கறுத்த மனிதரை எடுக்கும்போது சட்டை எரிந்துபோகாமலும் முகம் இருளாமலும் பார்த்துக்கொள்வது இந்தக் கலையில் நமக்கே உரிய தேர்வு. குடையை நேராக அவர்மேல் திருப்பாமல், மேலே தூக்கி, அதன் நடுப்பகுதி தலைக்கு மேலாக முன்பக்கம் பார்க்கும்படி சாய்த்தால், ஒளியின் மையம் முகத்தை ஒட்டியும் மங்கிய விளிம்பு சட்டையின்மேலும் விழும். அப்போதும் சட்டை மீறினால், குடைக்கும் மார்புக்கும் நடுவே, படத்துக்குள் வராத உயரத்தில், கறுப்பு சார்ட் அட்டையை யாராவது பிடித்துக்கொள்ளட்டும். கேமராவில் மிகை வெளிச்ச எச்சரிக்கையை இயக்கிவைத்தால் சட்டையின் எந்த மடிப்பு எரிகிறது என்று உடனே மினுக்கிக் காட்டும்.

நிறக் கலப்பு

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளக்கிறார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். ஃபிளாஷின் நிறம் ஏறத்தாழ 5500 கெல்வின், பகல் வெளிச்சத்தை ஒத்தது. மஞ்சளாக எரியும் குண்டு பல்பு 2700 முதல் 3200 வரை. இரண்டும் ஒரே படத்தில் விழுந்தால் கேமராவின் நிறச் சமன்பாட்டு அமைப்பான ஒயிட் பேலன்ஸை எதற்கு வைத்தாலும் மற்றொன்று கெட்டுப்போகும். முதல் தீர்வு, அணைக்க முடிந்த விளக்குகளை அணைத்துவிடுவது. அணைக்க முடியாத மண்டபத்தில் ஃபிளாஷின் முகப்பில் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு நிற ஜெல் தாளை ஒட்டி அதையும் மஞ்சளாக்கிவிட்டு, ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்கு வையுங்கள். முகமும் பின்னணியும் ஒரு நிறத்துக்கு வந்துவிடும்.

எல்இடி விளக்கை நம்பி எடுக்கிறவர்கள் இரண்டைக் கவனிக்கவேண்டும். பெட்டிமேல், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ என்ற எண் 95 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால்தான் தோலின் சிவப்பும் பட்டின் சிவப்பும் நம்பத் தகுந்தவையாக வரும். இன்னொன்று, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தரம் குறைந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் படத்தில் பட்டைகள் விழுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

குத்துவிளக்கைப் படமெடுப்பது

முகத்தில் பழகியவற்றைப் பளபளப்பான பொருளில் முயன்று பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தோன்றும். புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை மேசையில் வைத்து, குடை இல்லாத ஃபிளாஷால் எடுங்கள். தண்டின் ஒவ்வொரு வளையத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி, மற்ற இடமெல்லாம் கறுப்பு, நடுவே கேமராவோடு நிற்கும் நீங்கள். ஆற்றலைக் கூட்டினாலும் புள்ளிதான் எரியும், கறுப்பு மாறாது. ஏனென்றால் பித்தளை தன்மேல் விழும் ஒளியைக் காட்டுவதில்லை, தன்னைச் சுற்றியிருப்பதைக் காட்டுகிறது. ஒளி எந்தக் கோணத்தில் படுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும். ஆகவே கேமராவின் இடத்திலிருந்து பார்க்கும்போது உலோகத்தின் வளைவில் எந்தத் திசை தெரிகிறதோ, அங்கே வெண்மையான ஒன்றை வைத்து அதற்கு ஒளியூட்டவேண்டும்.

ஒரு பெரிய ட்ரேசிங் தாளைச் சட்டத்தில் ஒட்டி, குத்துவிளக்கின் இடப்பக்கம் ஓரடி தள்ளிச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஃபிளாஷை அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு மீட்டரில் வையுங்கள். தண்டு முழுவதும் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். இப்போது ஃபிளாஷைத் தாளுக்கு மிக அருகில் கொண்டுபோனால், தாளின் நடுப்பகுதி மட்டும் பளிச்சென்றும் விளிம்புகள் மங்கியும் எரியும். அந்த மங்கல் பித்தளையில் அப்படியே இறங்கி, பட்டையின் ஓரம் பொன்னிறத்துக்குள் கரையும். உருண்ட வடிவம் கண்ணுக்குப் புலப்படுவது அந்தக் கரைதலில்தான். வலப்பக்கம் தெர்மோகோலை நிறுத்தினால் மெல்லிய இரண்டாவது பட்டை கிடைக்கும். அதன் ஓரத்தில் கறுப்புச் சார்ட்டிலிருந்து இரண்டு விரல் அகலக் கீற்று ஒன்றை வெட்டி ஒட்டுங்கள். பித்தளையின் விளிம்பில் ஒரு கருங்கோடு விழுந்து, வெளிறிய பின்னணியிலிருந்து விளக்கைப் பிரித்துக் காட்டும்.

பட்டுப் புடவையின் சரிகைக்கு வேறு வழி. அங்கே ஒளி துணியின் பரப்பை உரசிக்கொண்டு, கிட்டத்தட்டத் தரைமட்டக் கோணத்தில் பக்கவாட்டிலிருந்து வரவேண்டும். நெசவின் மேடுபள்ளம் அப்போதுதான் நிழல் பெற்று எழும்.

தெறிக்கும் நீரையும் தூவப்படும் மஞ்சள் பொடியையும் நிறுத்திப் பிடிக்க விரும்புகிறவர்கள் ஃபிளாஷின் ஆற்றலைக் குறைக்கவேண்டும். சிறிய ஃபிளாஷ்களில் 1/128 ஆற்றலில் மின்னலின் காலம் ஏறத்தாழ 1/20000 நொடியாகச் சுருங்குகிறது. இருண்ட அறையில் அசைவை நிறுத்துவது ஷட்டர் அன்று, அந்த மின்னல்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) பொறியாளர் ஹரால்டு எட்ஜர்டன் 1930களிலிருந்து பால்துளி சிதறுவதைப் படமாக்கிக் காட்டியதும் இப்படிப்பட்ட மிகக் குறுகிய மின்னல்களால்தான்.

இரண்டாவது விளக்கு எப்போது

நிழல் பக்கம் மிகவும் இருண்டிருக்கிறது என்று தோன்றும்போது முதலில் எடுக்கவேண்டியது தெர்மோகோல் பலகை. அதை நிழல் பக்கத்தில் முகத்துக்கு ஓரடி அருகில் பிடித்து, நிழல் எவ்வளவு தெளிகிறது என்று பாருங்கள். பிறகு மூன்றடிக்கு விலக்கிப் பாருங்கள். அதே இடத்தில் கறுப்பு அட்டையை வைத்தால் நிழல் இன்னும் ஆழமாகும், ஒல்லியான முகத்தில் தாடையின் கோடு தெளிவாகும். வெள்ளையடித்த சிறிய அறைகளில் ஒளி எங்கும் எகிறித் திரிவதால், பல நேரங்களில் வெள்ளைப் பலகையைவிடக் கறுப்பு அட்டைக்கே வேலை அதிகம்.

பலகையால் முடியாத ஒரு வேலை இருக்கிறது: கருங்கூந்தலை இருண்ட பின்னணியிலிருந்து பிரிப்பது. இரண்டாவது ஃபிளாஷை வாங்கவேண்டியது அதற்காகத்தான். அமைக்கும்போது எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு முதன்மை விளக்கை மட்டும் எரியவிட்டு முடிவுசெய்யுங்கள். பிறகு அதை அணைத்து, பின்னாலிருந்து தலைமுடியில் படும் இரண்டாவது விளக்கை மட்டும் தனியாகப் பாருங்கள். அதன் ஒளி மூக்கு நுனியிலோ கன்னத்திலோ படாமல் கூந்தலின் ஓரத்திலும் தோளிலும் மட்டும் நிற்கும் வரை நகர்த்திய பின்னரே இரண்டையும் சேர்த்து எடுங்கள். ஆற்றல் முதன்மை விளக்கைவிடக் குறைவாகவே இருக்கட்டும். நகையும் பூவும் சூடிய தலையில் அது சற்று மிஞ்சினாலும் மல்லிகைச் சரம் வெறும் வெள்ளைக் கோடாகிவிடும்.

பின்னாலிருந்து வரும் விளக்கு லென்ஸைப் பார்த்து நிற்பதால் படம் முழுவதும் மங்கலாகப் பனி படிந்ததுபோல் வரலாம். லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பு வளையம் (லென்ஸ் ஹூட்) போதாது. கேமராவுக்கு முன்னே, படத்தின் எல்லைக்கு வெளியே கறுப்பு அட்டையைப் பிடித்து, லென்ஸின் கண்ணாடியில் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். பின்விளக்கைத் தாங்கும் ஸ்டாண்டின் ஒரு கால் விளக்கு சாய்ந்திருக்கும் திசையிலேயே நீண்டிருக்க வேண்டும். அடியில் மணல் பையைத் தொங்கவிடுங்கள். குடை மாட்டிய ஸ்டாண்டு மொட்டை மாடிக் காற்றில் நிற்காது, பக்கத்தில் ஓர் ஆள் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.